முன்னும் பின்னும்

எதிர்காலம் நமக்கு முன்னே இருக்கிறது. கடந்தகாலம் பின்னே கிடக்கிறது. மேடைகளிலும் விமர்சனங்களிலும் நாம் கையாளும் வழக்கு இது. இதனை மனித இயற்கை என்றே பலரும் எண்ணுவர். அவ்வெண்ணத்தினின்றே, பழமையை முன்வைத்துப் பேசுவோர் யாவரும் பிற்போக்காளர் என்னும் முடிவுக்குச் சிலர் எளிதில் தாவிவிடுகின்றனர். பிற மொழிகளை உற்று நோக்கின் இம்முடிவு நிலைக்காது.

சீன மொழியில் சென்ற மாதம் 'மேல்' மாதம். வரும் மாதம் 'கீழ்' மாதம். பொலிவியா, பெரு நாடுகளின் மேட்டுநிலத்தில் வாழும் ஆய்மாரா மக்களிடம் நிலைமை இன்னும் வியப்புக்குரியது. அவர்கள் மொழியில் 'நைரா' என்னும் சொல் கண்ணையும் முன்புறத்தையும் கடந்தகாலத்தையும் குறிக்கும். 'கிப்பா' என்பது பின்புறத்தையும் வருங்காலத்தையும் குறிக்கும். தாமே கண்டதற்கும் பிறர் சொல்லக் கேட்டதற்கும் இலக்கணத்திலேயே வேறுபாடு காட்டும் மொழி அது. கண்டது கண்முன் நிற்கிறது. காணாதது முதுகுக்குப் பின்னே இருக்கிறது.

நூனியெஸ், சுவீட்சர் என்னும் அறிஞர் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, அம்முதியோரின் கையசைவிலும் இதனைக் கண்டது. வருங்காலத்தைப் பேசுகையில் அவர்கள் கை பின்னோக்கிச் செல்கிறது. ஸ்பானிய மொழியில் தேர்ந்த இளைஞரிடமோ அது முன்னோக்கித் திரும்பிவிட்டது. ஆதிக்க மொழி நாவை மட்டுமன்றிக் கையையும் திருப்புகிறது எனலாம்.

இவர்களைப் பழமையில் உறைந்த மக்கள் என்போமா? 1781இல் துபாக் கட்டாரியின் தலைமையில் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து லா பாஸ் நகரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டவர் இம்மக்களே. அவ்வாண்டிலேயே அவ்வீரன் கொல்லப்பட்டான். ஆயின் 1970களில் அவன் பெயரைத் தாங்கியே ஆய்மாரா உழவரின் உரிமை இயக்கம் எழுந்தது. கண்முன் நின்ற கடந்தகாலமே அவர்களுக்குப் போராட்டத்தின் படைக்கலமாயிற்று.

நம் தமிழும் ஒரே திசையைக் காட்டுவதன்று. 'முன்னோர்' நமக்கு முற்பட்டு வாழ்ந்தவர். 'முன்னேற்றம்' நாம் இனிச் செல்லும் வழி. 'பின்னர்' என்றால் இனி வருவது. 'பின்னடைவு' என்றால் வந்த வழியே சரிவது. வரிசையில் நிற்பவனுக்கு முதலிற் சென்றவன் முன்; நடப்பவனுக்குச் சேருமிடம் முன். நிற்கும் நிலைக்கேற்பத் திசை மாறுகிறது.

ஆகவே ஓர் எழுத்தாளன் பழமையை நோக்குகிறான் என்பதனாலேயே அவனைப் பிற்போக்காளன் எனத் தள்ளுதல் தகாது. அவன் யார் பக்கம் நின்று நோக்குகிறான், கண்டதை யாருடைய நலனுக்குப் பயன்படுத்துகிறான் என்பவையே விமர்சகர் கேட்கவேண்டிய கேள்விகள்.