துவைத்தால் போதுமா, வாங்க வேண்டுமா?

மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து லீவுக்குக் கிளம்பும் குடும்பங்களுக்குப் பழகிப்போன ஒரு பயணம் உண்டு. விடியுமுன் வண்டியெடுத்து, களியக்காவிளை தாண்டி, திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோவில். மதியத்துக்கு மேல் விழிஞ்ஞத்தை ஒட்டிய கோவளம் கடற்கரை. வளைகுடாவிலிருந்து மகனோ மருமகனோ வந்திருந்தால், இரவுச் சாப்பாடு கடலைப் பார்த்து நிற்கும் பெரிய ஓட்டல் ஒன்றில். இந்த ஒரு நாளுக்குள் வீட்டு ஆண்பிள்ளை இரண்டு வாசல்களில் அளக்கப்படுகிறான். காலையில் பேன்ட் குற்றம், சட்டையும் குற்றம். வேட்டி கட்டி, மேலுடம்பைத் திறந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். இரவில் ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்கிறார்கள். காலர் வைத்த சட்டை, முழுக்கால் பேன்ட், விரல் தெரியாத செருப்பு என்று அதற்குப் பொருள் சொல்லப்படுகிறது.

இந்த இரண்டாவது வாசலுக்கு என்ன உடுத்திப் போவது? லினன் சட்டை, வெளிர்நிறப் பேன்ட், லோஃபர் என்று பயண யோசனை சொல்பவர்கள் சட்டென்று முடித்துவிடுவார்கள். விதி சரிதான், அதற்கு ஏற்ப நாம் வளைந்துகொடுக்க வேண்டியதுதான் என்று அவர்கள் முதலிலேயே ஒப்புக்கொண்டாகிவிட்டது. எனக்கு விதியைத்தான் முதலில் எடைபோடத் தோன்றுகிறது. அதற்கு நான் வைத்துக்கொள்ளும் தராசு எளியது. வீட்டில் இருக்கும் நல்ல துணியைத் துவைத்துத் தேய்த்தால் நிறைவேறுகிற விதி நியாயமானது. கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கினால்தான் நிறைவேறும் என்றால் அது சந்தேகத்துக்குரியது. இன்ன குடியில் பிறந்திருந்தால்தான் நிறைவேறும் என்றால் அது விதியே அல்ல, வேலி.

மூன்றாவது வகைக்கு உதாரணம் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை. நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகத் தென்திருவிதாங்கூரில் 1822 முதல் விட்டுவிட்டு எரிந்த தோள்சீலைப் போராட்டம் நம் மண்ணில் நடந்தது. திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் 1859 ஜூலை 26 அன்று வெளியிட்ட அறிக்கையை வெற்றி என்றே பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதன் நிபந்தனைகளைப் பார்த்தால் அது உடுப்பு விதிதான். நாடார் பெண்கள் கிறித்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் என்ற மேல்சட்டை போடலாம். மீனவப் பெண்களான முக்குவத்திகளைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதைப் போல மட்டும் கூடாது. கடியப்பட்டணத்திலும் சின்னவிளையிலும் மீன்கூடை சுமந்த பெண்கள் துணி கட்டிய விதம், ‘இவர்களுக்கு இது போதும்’ என்பதற்கு அரசாங்க அளவுகோலானது. துணியின் நீளத்தையோ சுத்தத்தையோ பற்றி அங்கே பேச்சே இல்லை. இன்னாரைப் போலத் தெரியக்கூடாது என்பதுதான் பேச்சு. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், தலைப்பாகை மறுக்கப்பட்டிருந்த தம் மக்களை அதைக் கட்டி வழிபடச் சொன்னதன் கனமும் இங்கேதான் புரியும்.

இப்படியொரு வரலாறு உள்ள மாவட்டத்துக்காரன் ஓட்டல் வாசலில் சற்றுக் கூச்சத்தோடு நிற்பதை நாகரிகக் குறைவு என்று சொல்பவர்களோடு எனக்கு ஒட்டாது. என்றாலும் ஓட்டலின் விதியையும் 1859 அறிக்கையையும் ஒரே தட்டில் வைப்பது சோம்பேறித்தனம். ஓட்டல் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே விற்பது மீன் வறுவல் மட்டுமல்ல, ஒரு சாயங்காலமும்தான். திருமண நாளைக் கொண்டாட வந்த தம்பதிக்குப் பக்கத்து மேசையில் ஒருவர் ஈரம் சொட்டும் நீச்சல் உடையோடு உட்கார்ந்தால் அவர்கள் கொடுத்த காசுக்குக் குறைதான். அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் வேண்டாம் என்பது என் தராசில் தேறிவிடுகிறது. யாரும் அதற்காக எதுவும் வாங்க வேண்டாம். அறைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தால் போதும். நம் கல்யாண மண்டபத்துக்கு அப்படி யார் போகிறோம்?

தேறாதது வேட்டிக்கான தடை. 2014 ஜூலை 11 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்குப் போனார். அழைக்கப்பட்டுத்தான் போனார். வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடவில்லை. 1962-ல் ராஜாஜி வேட்டியோடு வெள்ளை மாளிகைக்குப் போய்க் கென்னடியைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருக்கிறார்; சேப்பாக்கத்தில் உள்ள அந்தக் கிளப் அதைவிடக் கெடுபிடியான இடம் போலும். அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்தவரைத் தடுக்கும் கிளப்பின் உரிமம் ரத்தாகலாம். பொறுப்பானவருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

சட்டம் தேவைதான், ஆனால் பாதி வேலைதான் செய்கிறது. மரபு என்ற பெயர் பெற்ற துணிக்குக் காவல் கிடைத்தது, உடுத்துகிறவனுக்குக் கிடைக்கவில்லை. தடுக்கப்பட்டவர் நீதிபதியாக இருந்ததால் ஒரு மாதத்தில் சட்டம் வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. பெங்களூரில் 2024 ஜூலையில், மகனோடு சினிமா பார்க்க வந்த ஒரு முதிய விவசாயியை வேட்டிக்காக ஒரு மால் வாசலில் நிறுத்தினார்கள். அந்தக் காட்சி வீடியோவாகப் பரவியிராவிட்டால் அந்த வணிக வளாகத்தை ஏழு நாள் மூடச் சொல்லி அரசு உத்தரவிட்டிருக்காது. டெல்லியில் 2021 செப்டம்பரில் ஒரு உணவகத்தில் சேலை ‘ஸ்மார்ட் கேஷுவல்’ ஆகாது என்று ஊழியர் ஒருவர் சொன்னது நாடு முழுக்கப் பேச்சானது. இப்படி வாசலில் நின்று மறுப்பவர்கள் பெரும்பாலும் குறைந்த சம்பளத்துக்கு நிற்கும் ஊழியர்கள். ‘ஸ்மார்ட்’ என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆளைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்; பெரும்பாலும் தங்களைப் போன்ற ஆளைத்தான் தடுக்கிறார்கள். தெளிவில்லாத விதியின் உண்மையான கோளாறு இதுதான். ‘அரைக்கால் சட்டை, நீச்சல் உடை, பனியன் கூடாது’ என்று வெளிப்படையாக எழுதிவைக்கும் ஓட்டலை நான் மதிப்பேன். ‘ஸ்மார்ட்’ என்று மழுப்புகிற ஓட்டலை மதிக்க மாட்டேன்.

கடினமான வழக்கு சாரம், அதாவது லுங்கி. நம் பக்கத்தில் வீட்டிலும் கடைத்தெருவிலும் அதுதான் உடை, ஆனால் கல்யாணத்துக்குச் சாரம் கட்டிப் போனால் நம் அம்மாவே வாசலில் மறித்துவிடுவாள். அந்த அளவில் ஓட்டலும் அம்மாவும் ஒரே கட்சி. ஆனால் இலங்கையில் வெள்ளைச் சாரம் தேசிய உடை. பர்மாவில் லோஞ்சி கட்டித்தான் விருந்துக்கே போகிறார்கள். ஆகவே ‘லுங்கி கூடாது’ என்று பெயர் சொல்லித் தடுக்கும் பலகை தவறு. அதே வேளையில் கட்டம் போட்ட சாரத்தோடு இரவு விருந்துக்குப் போவேன் என்று நம்மாள் வீம்பு பிடித்தால் அவர் பக்கம் நான் நிற்க மாட்டேன்.

செருப்பில் எனக்குத் தயக்கமே இல்லை. மூடிய ஷூ கேட்கும் விதி வாங்கச் சொல்லும் விதி, அதுவும் மணல் ஒட்டும் கடற்கரையில். பழைய வக்கீல்கள் பஞ்சகச்சத்துக்கு மேல் கோட்டும் காலில் ஷூவுமாகக் கோர்ட்டுக்குப் போனது உண்டு; அந்தக் கோலம் போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. தோல் செருப்பு போதும். குளியலறை ரப்பர் செருப்பை மட்டும் அறையில் விட்டுவிடலாம்.

பெண்களுக்கு வாசல்கள் வேறு விதமாகக் குழப்புகின்றன. 2016 நவம்பர் கடைசியில் பத்மநாபசாமி கோவிலில் சுரிதாரை அனுமதித்தார்கள்; டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சுரிதாருக்கு மேல் ஒரு முண்டைச் சுற்றிக்கொண்டு போகும் வழக்கம் தொடர்கிறது. சுத்தம் என்ற காரணத்தையும் மறைப்பு என்ற காரணத்தையும் சுரிதார் முழுமையாகவே நிறைவேற்றுகிறது. என் தராசில் கோவில்தான் தோற்கிறது. ஓட்டலுக்கோ சேலை, சுரிதார் இரண்டுமே தாராளம். ஏசி குளிருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொண்டால் சரி.

ஆண்களுக்கு என் தீர்ப்பு எட்டு முழ வேட்டி, முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் செருப்பு. பேன்ட் போடுகிறவர் போடட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் இரண்டு வாசல்களிலும் செல்லுபடியாகும் உடை இது ஒன்றுதான். சட்டையைக் கழற்றுவதும் போடுவதும்தான் வித்தியாசம். பாலராமபுரம் கைத்தறி முண்டு வீட்டில் இருந்தால் அதற்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. அந்த ஊர்த் தறிகளை முதலில் ஓட்டிய சாலியர்கள் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்கள்தாம். வேட்டிக்கு உரிமை கேட்பவர் வேட்டியின் ஒழுங்கையும் காக்க வேண்டும். பெரியவர்கள் எதிரே வந்தால் மடித்துக் கட்டியதை அவிழ்த்துவிடுவது நம் ஊர் மரியாதை. சாப்பாட்டு மேசை வரைக்கும் அது பொருந்தும். அதற்குத் துவைக்கக்கூட வேண்டாம், மடிப்பை இறக்கினால் போதும்.

தடுத்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் 2014 சட்டத்தைச் சொல்லலாம். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்குப் பிறகு கோவளம் வேறு மாநிலம், அங்கே அந்தச் சட்டம் செல்லாது. ஆனால் அது அங்கே தேவைப்படவும் செய்யாது. ஓணத்தன்று போனால் மேலாளரே கசவு முண்டு உடுத்திக்கொண்டு வாசலில் நிற்பார்.