லாபம் இருக்கு, பணம் எங்கே?

ரிடையரான திருவொற்றியூர் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையோடு வந்தார். ‘லாபம் டபுளாயிருக்கு சார். பி.எஃப். பணத்துல பாதியைப் போட்டுடலாம்னு இருக்கேன். ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க’ என்றார்.

பார்த்தேன். வழவழ காகிதம். சேர்மன் சிரிக்கிறார். அடுத்த பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் மரம் நடுகிறார்கள். புத்தக விமரிசனமாகச் சொன்னால், முதல் பாதி சுமாரான குடும்ப நாவல், வில்லனே கிடையாது. நிஜக் கதை கடைசியில் பொடி எழுத்தில், மூன்று அத்தியாயங்களாக இருக்கிறது: பேலன்ஸ் ஷீட், லாப நஷ்டக் கணக்கு, கேஷ் ஃப்ளோ. நம்மில் பலர் அங்கே போய்ச் சேருவதற்குள் தூங்கிவிடுகிறோம்.

நண்பருக்குக் காசிமேட்டை உதாரணம் காட்டினேன். ஒருவரிடம் விசைப்படகு இருக்கிறது. படகு, வலை, இன்ஜின் ஒரு பக்கம். அதற்கு வாங்கின கடன் இன்னொரு பக்கம். கடன் போக மிச்சம் அவர் சொந்தம். மார்ச் 31 அன்று எடுத்த போட்டோ மாதிரி இது; பேலன்ஸ் ஷீட். வருஷம் பூராவும் விற்ற மீனின் விலையில் டீசல், ஐஸ், கூட வந்தவர்கள் பங்கு, வட்டி, படகின் தேய்மானம் எல்லாம் கழித்தால் லாபம். ஆனால் மீனை எடுத்த வியாபாரி ‘அடுத்த மாசம் தர்றேண்ணா’ என்று போய்விட்டால்? நோட்டில் லாபம் ஏறிவிட்டது. டீசல் போடக் காசில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு. அப்போது அடுப்பு எரிவது லாபத்தால் அல்ல, கையிலிருக்கும் பணத்தால். அது எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று சொல்வதுதான் கேஷ் ஃப்ளோ.

‘டபுள்’ என்ற வார்த்தையிலும் ஜாக்கிரதை வேண்டும். நண்பரின் ஊரிலேயே, 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்தது எம்.ஆர்.எஃப். 2023 ஜூனில் அதன் ஒரு ஷேர் லட்ச ரூபாயைத் தாண்டியபோது எல்லாரும் வாயைப் பிளந்தோம். மொத்தமே சுமார் 42 லட்சம் ஷேர்கள்தான். அதனால்தான் ஒன்றுக்கு அந்த விலை. 2022-23-ல் லாபம் 800 கோடி சொச்சம். அடுத்த வருஷம் 2,000 கோடிக்கு மேல். விற்பனை ஏறியதோ பத்து சதவிகிதத்துக்கும் குறைவு. கச்சாப் பொருள் செலவு குறைந்தது முக்கியக் காரணம். 2024-25-ல் லாபம் மறுபடி இறங்கியது. இன்னொரு வேடிக்கை: அந்த 2022-23-ல் தேய்மானமாகக் கழித்தது மட்டும் 1,200 கோடிக்கு மேல். அது ஏட்டுச் செலவு, அந்த வருஷம் யார் கைக்கும் போகாத பணம். லாபம் காட்டியதைவிட அதிகம் கல்லாவுக்கு வரும் சமாசாரமும் உண்டு என்பதற்குச் சொல்கிறேன். புது மெஷினுக்குக் கொடுத்தது அடுத்த வரிகளில் இருக்கும். அதையும் பார்க்க வேண்டும்.

கேஷ் என்று அச்சடித்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? 2009 ஜனவரி 7-ம் தேதி சத்யம் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் ஞாபகமிருக்கும். கணக்கில் ரொக்கமும் பேங்க் இருப்புமாக 5,361 கோடி. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. ஆடிட்டர் கையெழுத்து மட்டும் இருந்தது.

இத்தனைக்கும் டி.வி.யிலும் பேப்பரிலும் வருவது நிகர லாபம் ஒன்றுதான். ‘வசூலானது எவ்வளவு?’ என்று கேட்பவர் அபூர்வம்.

நண்பரின் கம்பெனிக்கு வருவோம். லாபம் டபுள், வாஸ்தவம். ஆனால் தொழிலிலிருந்து வந்த பணம் மூன்று வருஷமாக மைனஸ். வரவேண்டிய பாக்கி வீங்கியிருக்கிறது. கடன் வாங்கி டிவிடெண்ட் கொடுத்திருக்கிறார்கள். வளர்கிற கம்பெனிக்கு ஒரு வருஷம் இப்படி ஆகலாம். மூன்று வருஷம் தொடர்ந்தால் ஏன் என்று கேட்கத்தான் வேண்டும்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘முப்பது வருஷ உழைப்பு சார்’ என்றார். பிறகு ஆண்டறிக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

‘பேரன் நோட்டுக்கு அட்டை போடலாம். பேப்பர் நல்லா இருக்கு.’