கால்டுவெல்: ஒரு பெயர், பல ஊற்றுகள்

1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னை மெரினாவில் நிறுவப்பட்ட சிலைகளுள் ஒன்று ராபர்ட் கால்டுவெல்லுடையது. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர், இடையன்குடியில் வாழ்ந்து அங்கேயே அடக்கமானவர் என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் தாங்கி வந்த குடும்பப் பெயரின் கதை அவ்வளவாகத் தெரியாது.

பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் குளிர்ந்த ஊற்று. முதலில் அது ஊர்ப்பெயர், பிறகுதான் ஆட்பெயர். ஊரைவிட்டு வெளியே போனவனை அவன் ஊரைச் சொல்லி அழைத்தார்கள், அது பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. டார்பிஷைரில் ஒரு கால்டுவெல் உண்டு, வட யார்க்ஷைரில் ஒன்று உண்டு, ஸ்காட்லாந்தின் ரென்ஃப்ரூஷைரில் இன்னொன்று. தெற்கே எஸ்ஸெக்ஸில் அதே சொல் முதலெழுத்து மென்மையாகிச் சாட்வெல் ஆனது. குளிர்ந்த ஊற்றுக்கா பஞ்சம்? ஆகவே கால்டுவெல்கள் எல்லாரும் ஒரே வேரில் கிளைத்தவர்கள் என்று நம்ப இடமில்லை.

ஆனால் குடும்பக் கதைகளுக்கு ஒரே வேர்தான் பிடிக்கும். அமெரிக்கக் கால்டுவெல் குடும்பங்கள் சில தலைமுறைகளாகச் சொல்லிவரும் கதை இது: பிரான்சின் தூலோன் துறைமுகத்தைச் சார்ந்து கடலோடிய மூன்று சகோதரர்கள் ஸ்காட்லாந்துக்கு வந்து, சால்வே கழிமுகம் அருகே ஒரு பண்ணையை வாங்கினார்கள், அதிலிருந்த கிணற்றால் பெயர் வந்தது. மூன்று சகோதரர்கள் என்றாலே வம்சாவளி ஆய்வாளர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். அத்தனை குடும்பங்களின் கதையிலும் அவர்கள் மூவராகவே கப்பலேறி வருகிறார்கள்.

இதற்கு எதிர்முகாம் ஆவணக்காரர்களுடையது. 1605-இலேயே வில்லியம் காம்டன் ஆங்கிலப் பெயர்களை வகைபிரித்து எழுதினார். நியூயார்க் பொது நூலகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் பிளாக் 1946-இல் ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்களுக்கு அகராதி தந்தார்; 1958-இல் ரீனி என்பவரின் பிரிட்டிஷ் குடும்பப் பெயரகராதி வந்தது. இவர்களுடைய அளவுகோல் எளிது, கடுமையானதும்கூட: பெயரின் இன்றைய உருவத்தைப் பார்த்துப் பொருள் சொல்லாதே, பழைய பதிவில் எந்த ஆண்டு, எந்த ஊரில், எந்த எழுத்துக்கூட்டலில் வருகிறது என்று காட்டு. அந்த அளவுகோலுக்கு முன் தூலோன் கதை நிற்பதில்லை. அந்தச் சகோதரர்கள் வந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு முன்பே, 14ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே, வில்லியம் டி கால்டுவெல் என்பவர் ஸ்காட்லாந்தின் சான்சலராக இருந்திருக்கிறார். ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு கொண்டாடக் கூடாது என்பது ஒப்பிலக்கணக்காரருக்கும் பழகிய நெறிதான்.

ரென்ஃப்ரூஷைர் கால்டுவெல் நிலத்தின் கதை சுவையானது. வாரிசாக இருந்த பெண்ணின் திருமணத்தால் நிலம் மியூர் குடும்பத்தின் கைக்குப் போனது. ஊர்ப்பெயரைச் சுமந்தவர்கள் வேறெங்கோ, ஊரை ஆண்டவர்கள் மியூர்கள். 1666-இல் மன்னராட்சிக்கு எதிராக எழுந்த பென்ட்லண்ட் கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக மியூர்களின் சொத்து பறிமுதலாகி, கிளர்ச்சியை அடக்கிய தளபதி டால்யெல்லுக்குப் போனது. 1690-இல் திரும்பக் கிடைத்தது. 1770களில் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் அங்கே ஒரு மாளிகையை வடிவமைத்தார்.

பெயர் பரவியது ஏழைகளாலும் வணிகர்களாலும். 17ஆம் நூற்றாண்டு தொடங்கி அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேறினார்கள். எனிஸ்கில்லன் வணிகர் ஒருவர் வழியாக ஃபெர்மானாவில் ஏர்ன் ஏரிக்கரைக் கோட்டை ஒன்று காசில் கால்டுவெல் ஆனது. அதன் வாசலில் பிடில் வடிவில் ஒரு கல் நிற்கிறது. 1770-இல் அந்தக் கோட்டைப் பிரபுவின் படகிலிருந்து விழுந்து மூழ்கிய டெனிஸ் மக்கேப் என்ற பிடில்காரரின் நினைவுக்கல் அது. டைரோன் பகுதியில் ஹோரிஷ் என்ற கேலிக் பெயரில் தண்ணீரின் சாயல் இருந்ததால், அதைத் தாங்கிய அயர்லாந்துக் குடும்பங்கள் சில கால்டுவெல் என்று மாற்றிக்கொண்டன. பெயர் ஒன்று, ரத்தம் வேறு.

நம் ராபர்ட்டும் இந்த அல்ஸ்டர் ஓட்டத்தைச் சேர்ந்தவர். 1814-இல் ஆண்ட்ரிம் பகுதியில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்து 1838-இல் சென்னை வந்திறங்கினார்.

அட்லாண்டிக்கைத் தாண்டியவர்களில் கவனிக்க வேண்டியவர் பாதிரியார் ஜேம்ஸ் கால்டுவெல். அமெரிக்க விடுதலைப் போரின்போது 1780-இல் நியூஜெர்சியின் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த சண்டையில் துப்பாக்கிக்கு அடைக்கத் தாள் தீர்ந்தபோது, தேவாலயத்திலிருந்து ஐசக் வாட்ஸின் பாட்டுப் புத்தகங்களை அள்ளிவந்து வீரர்களிடம் கொடுத்தார் என்று சொல்வார்கள். அடுத்த ஆண்டே தம் தரப்புக் காவலன் ஒருவனின் குண்டுக்கு இரையானார். நியூஜெர்சியின் கால்டுவெல் ஊர் அவர் பெயரால் ஆனது. ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்ட் 1837-இல் அங்கேதான் பிறந்தார்.

ஆவணக்காரர்களுக்கும் ஒரு சுவர் உண்டு. 1922-இல் டப்ளின் பொது ஆவணக்காப்பகம் எரிந்தபோது அயர்லாந்தின் 19ஆம் நூற்றாண்டு முற்பகுதிக் குடிக்கணக்கில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அந்த இடைவெளியை அண்மைக்காலத்தில் மரபணுக்காரர்கள் நிரப்பப் பார்க்கிறார்கள். தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டு, ஒரே பெயர்க்காரர்கள் உண்மையில் உறவினர்தானா என்று சோதிக்கிறார்கள். வசதியான முறைதான், ஆனால் தாய்வழிப் பெயர்கள் அதில் சிக்குவதில்லை. அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்த ஜான் கால்டுவெல் கால்ஹூனின் நடுப்பெயர் அவர் தாய் மார்த்தா கால்டுவெல்லிடமிருந்து வந்தது. அவர் குரோமோசோம் காட்டுவது கால்ஹூன்களை மட்டுமே.