பொச்சாப்பும் மெய்ப்பொருள் நாயனாரும்

பொச்சாப்பு என்னுஞ் சொல்லை வெறும் மறதியெனக் கொண்டு அமைவார் பலர். திருக்குறள் 54-ஆம் அதிகாரமாகிய பொச்சாவாமையை உற்றுநோக்குவார்க்கு அப்பொருள் நிரம்பாதென்பது புலனாம். மிக்க உவகையான் மயங்கிக் காக்கற்பாலனவற்றைக் காவாது சோர்தலே ஆண்டுப் பொச்சாப்பு எனப்படும். அச்சோர்வு அளவிறந்த வெகுளியினுந் தீதென்றே ஆசிரியர் அவ்வதிகாரத்தைத் தொடங்குகின்றார். கள்ளாமை அதிகாரத்திலோ, பிறர் பொருளை வௌவுவான் அவர் சோருங் காலம் பார்த்திருத்தலைக் கூறுமிடத்து இச்சொல் வருகின்றது.

இனி, மெய்ப்பொருள் நாயனார் முத்தநாதனை ஐயுறாது தம்மருகே இருத்தியது பொச்சாப்பேயாம் எனச் சிலர் கூறுப. அது பொருந்தாது. போரிற் பன்முறை தோற்ற அப்பகைவன் பார்த்துவந்தது பொச்சாப்பே. ஆயின் கண்டது அஃதன்று. வாயில்களிற் காவலர் நின்றனர். தத்தனும் காலமன்றெனத் தடுத்தனன். ஆகலின் அரசர்க்குரிய காப்பினை நாயனார் மறந்தாரல்லர். திருநீற்று வேடங் கண்டவழி, அதனையே மெய்ப்பொருளெனத் தேர்ந்து தம்மை அதற்கு ஒப்புவித்தார். அஃது அன்பின் உறைப்பேயன்றிச் சோர்வு ஆகாது.

மற்றுமொன்று: முன்னர்க் காவாதான் பின்னர்த் தன் பிழைக்கு இரங்குவன் என்பது அவ்வதிகாரத்துட் கண்ட இலக்கணம். நாயனார் இரங்கினாரல்லர். வெட்டுண்டு வீழும்பொழுதும் தத்தனை விலக்கினார். முத்தநாதனை இடையூறின்றிக் கொண்டுபோய் விடப் பணித்தார். அச்செய்தி மீண்டு வருங்காறும் உயிர் தாங்கினார். இறுதிவரை கடைப்பிடி தளராத இவரிடத்துப் பொச்சாப்புக் காண்பது எங்ஙனம்? அவ்வேடத்தைப் பூண்டும் அதன் பொருளை மறந்திருக்கும் நம்மிடத்தன்றோ அச்சொல் பொருந்துவது!