களத்தில் கோலமாவால் ஒரு கேரவன்

சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் கேரவன் பிறந்தது பட்டறையில் இல்லை. ஆண்டிமடத்தில், முந்திரிக்கொட்டை காயப்போடும் களத்தில், கோலமாவில் பிறந்தது!

ஆறு மாதம் வீடியோ வீடியோவாகப் பார்த்து, வண்டிக்கு ஓர் உள்ளமைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தேன். டேப் பிடித்து, அதை முழு அளவில் களத்தில் வரைந்தேன். பின்னால் குறுக்கே பெரிய கட்டில், முன்னால் அடுப்பு, கதவோரம் கழிவறை. அம்மா உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தாள். "ராத்திரி நான் எழுந்தா உன் நெஞ்சை மிதிச்சுக்கிட்டுத்தான்டா போகணும்" என்றாள். ஆறு மாத ஆராய்ச்சி அந்த ஒரு வரியில் காலி!

அழித்து வரைந்தோம். பின்னால் நெடுக்குவாட்டில் இரண்டு கட்டில், நடுவே நடைவழி, அதை ஒட்டியே கழிவறை. ஆறடி ஆளான நானும் காலை நீட்டிப் படுக்கலாம். ஆகா, இதுவல்லவா வீடு!

அடுத்து சேஸிஸ். ஃபோர்ஸ் டிராவலர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பஜாஜ் டெம்போ 2005-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறிய பிறகும் ஊரே அதை 'டெம்போ டிராவலர்' என்றுதான் சொல்கிறது. எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அதன் நாடி தெரியும். டாடா விங்கரையும் பார்த்தேன். முன்சக்கர இழுவை, வயதானவர்கள் ஏற வசதி. ஆனால் என் சுமையெல்லாம் பின்பக்கம். மழையில் நனைந்த செம்மண் தோப்புக்குள் போய்வரப் பின்சக்கரம் தள்ளுவதே எனக்குப் பிடித்தது. இரண்டு அச்சுகளுக்கும் இடையிலான தூரம், அதாவது வீல்பேஸ், 4,020 மில்லிமீட்டர் இருப்பதன்மேல் கொள்ளை ஆசை. எங்கள் தெரு முனையில் திருப்ப வேண்டுமே என்று நினைத்து 3,350-க்கு இறங்கினேன். ஜெயங்கொண்டம் சாலையில் சிமென்ட் லாரிகளுக்கு நடுவே ஒதுங்கும்போதெல்லாம் என்னை நானே தட்டிக்கொடுக்கிறேன்!

வசதிகளுக்குக் கடைசியில்தான் வந்தோம். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி என்றால் ஏறத்தாழ இரண்டரை யூனிட் மின்சாரம். ராத்திரி முழுக்க ஏசிக்கு அது காணாது; இரண்டு ஃபேனுக்கும் விளக்குக்கும் சின்ன ஃபிரிட்ஜுக்கும் தாராளம். டிவியை வெட்டிவிட்டு இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல் வைத்தோம். முந்திரித் தோப்புக் காற்றுக்கு எந்த ஏசி ஈடு? 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ என்பதை மறக்காதீர்கள். தொட்டியைப் பின் அச்சைத் தாண்டி வைத்தால் வால் கனத்து முன்பக்கம் லேசாகிவிடும். எங்களுடையது இரண்டு அச்சுகளுக்கும் இடையில். இன்னொன்று: ஏஐஎஸ்-124 விதிப்படி ஒப்புதல் பெற்ற கேரவனா, ஆர்.சி. புத்தகத்திலும் அப்படியே ஏறுமா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

முதல் இரவு கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் தங்கினோம். விடியலில் ஜன்னலைத் திறந்தால், ராஜேந்திர சோழன் எழுப்பிய கோயில் விமானத்தின்மேல் முதல் வெயில்! வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். அம்மா காபி டம்ளரை நீட்டினாள்.

"ராத்திரி ரெண்டு தடவை எழுந்தேன்டா. தெரிஞ்சுதா உனக்கு?"

தெரியவே இல்லை!