நாலு சவரன் ஈயம்

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: 0.474! டிஜிட்டல் காலிப்பரின் சின்னத் திரையில் அந்த எண் வந்து நின்றதும் நான் போட்ட கூச்சலில், ஹூஸ்டனில் என் மச்சான் வீட்டு நாய் மேஜைக்கடியில் போய்ப் பதுங்கியது. ஐம்பது வயதைத் தாண்டியவன், நகைக்கடை முதலாளி, நாலு பேர் மதிக்கிற ஆள், ஒரு துண்டு ஈயத்துக்காகக் குதித்தேன். வெட்கமே இல்லை.

எங்கள் கடை கள்ளக்குறிச்சியில். பையனாக இருந்தபோதே தியாகதுருகம் மலைமேல் கிடக்கும் பீரங்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தவன் நான். வெள்ளிமலைப் பக்கமிருந்து அடகு வைக்க வரும் பெரியவர்கள் அந்தக் காலத்து நாட்டுத் துப்பாக்கிக் கதை சொன்னால் அப்பா வட்டிக் கணக்கை முடிப்பதற்குள் நான் ஆவென்று வாயைப் பிளந்திருப்பேன். ஈயத்தை உருக்கி, அந்தந்தக் குழலுக்குத் தக்கபடி உருண்டை பிடிப்பார்களாம். அந்தக் குண்டுக்குப் பெயர் கிடையாது, நம்பர் கிடையாது. ஆனால் மச்சான் மேஜைமேல் கிடந்த குண்டுகளுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, வரலாறே உண்டு. என்ன, அது எதிலும் எழுதி ஒட்டியிருக்காது!

மச்சான் அமெரிக்கக் குடிமகன். சுட்டு முடித்த காலிக் கேஸில், அதாவது தோட்டாக் கூட்டில், தீப்பொறி தரும் புது பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அழுத்தித் தானே தோட்டா கட்டுவான், ஹேண்ட்லோடிங் என்பார்கள். நம் ஊரில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டாவின் ஒரு பாகத்தைக்கூட வைத்திருக்க முடியாது. அங்கே அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. காலமான ஒரு வேட்டைக்காரரின் சாமான்கள் விலைக்கு வந்தபோது, ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறையப் பெரிய பெரிய குண்டுகள் வாங்கி வந்திருந்தான். லேபிள் இல்லை. எந்த ரைஃபிளுக்கு என்று தெரியாமல் அதில் கைவைத்தால் ஆபத்து. குழலைவிடக் குண்டு தடித்திருந்தால் உள்ளே அழுத்தம் எகிறித் துப்பாக்கியே பிளக்கலாம். மெலிந்திருந்தால் குறி எங்கோ போகும். நான் விசாவில் வந்தவன், தொட்டால் சட்டப்படி வம்பு. அதனால் அவன் அளப்பான், நான் நோட்டில் எழுதுவேன். கை எப்படித் துடித்தது தெரியுமா!

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மேஜை விளக்கு, எண்ணெய் வாசனை, துணியில் துடைக்கத் துடைக்கக் கறுப்புப் போய்ச் செம்பு நிறம் எட்டிப் பார்க்கிறது. சுண்டுவிரல் பருமன், மழுங்கிய மூக்கு, இடுப்பில் கேஸின் வாய் கவ்விக்கொள்ள ஒரு வரிப்பள்ளம். நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்கிற இந்தப் பெரிய வேட்டை ரைஃபிள் ஜாதியில் பெயரை நம்பவே கூடாது: .450 என்றால் குண்டின் குறுக்களவு 0.458 அங்குலம், .500 என்றால் 0.510, .577 என்றால் 0.585, யானை வேட்டைக்கென்று செய்த .600க்கு 0.620. அடிப்பக்கம், நடு, வரிக்கு மேலே என்று மச்சான் மெதுவாகத் தாடையை இறுக்குகிறான், எண் ஓடுகிறது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு 0.458 வருமா 0.468 வருமா என்று உதட்டைக் கடிக்கிறேன், வந்து நின்றது 0.474, திருப்பி வைத்தான் 0.474, இன்னொன்றை எடுத்தான் அதுவும் 0.474, தராசில் போட்டான், 500 கிரெய்ன், அதாவது 32.4 கிராம், அட கடவுளே நாலு சவரனுக்கு மேல், .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ்டா மச்சான் என்று நான் கத்த, அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவர, நாய் ஓட, நோட்டுமேல் காபி கொட்ட, ஐயோ, அந்த நிமிஷத்தை யாராவது படம் பிடித்திருக்கக் கூடாதா!

அதோடு விட்டோமா? காந்தம் வைத்தோம். நகையில் இரும்புக் கலப்பு பார்க்க நான் தினமும் செய்கிற வேலைதான். சில குண்டுகள் டக்கென்று ஒட்டின: செம்புப் பூச்சுக்குக் கீழே எஃகு உறை, உருக்குலையாமல் ஆழமாகத் துளைக்கிற ரகம். ஈய மூக்கு வெளியே தெரிகிறவை ஒட்டவில்லை, அவை பட்டதும் விரிகிற ரகம். எடை ஒன்றே என்றாலும் இரண்டுக்கும் ஒரே மருந்தளவு போடக் கூடாதென்று மச்சான் தனித்தனியே பிரித்தான்.

இப்போது உச்சக்கட்டம் கேளுங்கள். இந்த .470 இவ்வளவு பரவியதற்குக் காரணமே நம்ம நாடு! அன்று பெரிய வேட்டைக்கு .450தான் ராஜா. பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவ ரைஃபிளும் .450 வகைதான். கலகக்காரர்கள் கையில் அது நிறைய இருந்தது. வேட்டைத் தோட்டாவைப் பிரித்து, குண்டைக் கழற்றி, அதற்குப் போட்டுவிடுவார்களோ என்று பிரிட்டிஷ் அரசுக்கு உதறல். 1907 வாக்கில் இந்தியாவுக்குள் .450 வரக் கூடாது என்று தடை. உடனே லண்டன் கம்பெனிகள் அளவை ஒரு நூல் மாற்றி .465, .470 என்று இறக்கின. .470 ஜோசப் லாங் கம்பெனி வடிவமைத்தது. நினைத்துப் பாருங்கள், ஹேண்ட்லோடிங் பயத்தில் செழித்த குண்டை, நூறு வருஷம் கழித்து ஒரு கள்ளக்குறிச்சிக்காரன் மச்சானோடு உட்கார்ந்து ஹேண்ட்லோடிங்குக்காகவே அடையாளம் காண்கிறான்! இதைச் சொல்லும்போதே புல்லரிக்கிறது.

ஒரே குறை, ஒன்றைக்கூட ஊருக்குக் கொண்டுவர முடியாது. போகட்டும். அன்று ராத்திரியே வீட்டுக்காரிக்குப் போன் போட்டு, "ஒவ்வொண்ணும் நாலு சவரன், ஒரு டப்பா நிறைய!" என்று கத்தினேன்.

"ஹால்மார்க் இருக்குதான்னு பார்த்தீங்களா?" என்றாள்.