முதுசத்தில் ஏறாத பெயர்

மட்டக்களப்பின் பழைய நிலவுரிமையை அறிய விழைவோர்க்கு, முக்குவர் சட்டம் குறித்துக் கிறிஸ்தோப்பர் பிரிற்றோ 1876இல் வெளியிட்ட ஆங்கில நூல் இன்றியமையாதது. ஆண்மகனின் முதுசம் அவன் பிள்ளைகளுக்கன்றிச் சகோதரியின் பிள்ளைகளுக்கே சேரும் என்ற தாய்வழி மரபை ஏட்டிலேற்றிய உழைப்பு பெரிது. (அவ்வாண்டு வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே அம்மரபின் வலுவைப் பறித்தது!)

ஆனால், போடியாரின் காணிக்கு இத்தனை விதிகள் இருக்க, படுவான்கரைச் சேற்றில் உழைத்த வயற்காரன் எங்கே? வாரிசுச் சட்டம் சொத்தில்லாதவனைப் பேசாது. அது நூலாசிரியர் குற்றமன்று. அதனையே மக்கள் வரலாறென வாசிப்பது நம் குற்றம். பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தின் பின்னரே, உழுபவன் பெயரும் இடாப்பில் ஏறும் நிலை வந்தது. அப்பெயர் ஏறுமுன்னரே வெளியேற்றப்பட்ட குத்தகைக்காரர் இலங்கையெங்கும் இருந்தனர்.